வாயிற்காவலரும் அட்மின் பாஸ்வேர்டும்: தளவானூர்க் குடைவரையை முன்வைத்து ஓர் ஆய்வு

செஞ்சிக்குத் தென்கிழக்கே தளவானூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் பாறையைக் குடைந்து எடுத்த சத்ருமல்லேஸ்வரம் என்ற கோயில் இருக்கிறது. முகப்பு தெற்கு பார்த்தது. அதன் இரு ஓரங்களிலும் இரண்டு வாயிற்காவலர். அவர்களைத் தாண்டி நேரே நடப்பவர் சுவரில்தான் முட்டிக்கொள்வார். கருவறை இடப்பக்கச் சுவரில் கிழக்கு பார்க்க வெட்டப்பட்டிருக்கிறது. சரியென்று திரும்பினால் அங்கேயும் இரண்டு காவலர். கலை வரலாற்று அறிஞர்கள் இதன் தோரணத்தையும் தூண்களையும் அளந்து எழுதிவிட்டார்கள். நெட்வொர்க் பிரின்டர் நிறுவும் முறைக்கு இதைவிடப் பழைய வரைபடம் கிடையாது என்பதை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை.

அஃது எங்ஙனம் எனின்: கணினியில் பிரின்டரைச் சேர்க்கப் போகிறோம். பட்டியலில் பிரின்டரின் பெயர் வந்துவிடுகிறது. மகிழ்ந்து சொடுக்குகிறோம். திரை இருண்டு, நடுவில் ஒரு பெட்டி எழுந்து, அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. இது முகப்புக் காவலர். எப்படியோ தாண்டி உள்ளே போனால் ஸ்கேன் வேலை செய்யவில்லை. அதற்குப் பக்கவாட்டில் திரும்பி, பிரின்டரின் சொந்த அமைப்புப் பக்கத்தை பிரவுசரில் திறக்க வேண்டும். அங்கேயும் அட்மின் பாஸ்வேர்டு. இது கருவறைக் காவலர். முன்னவர் கேட்பது கணினியின் பாஸ்வேர்டு, பின்னவர் கேட்பது பிரின்டரின் பாஸ்வேர்டு. இரண்டும் ஒன்றென்று மயங்கி, வைஃபை பாஸ்வேர்டை இரண்டு இடத்திலும் அடித்துப் பார்ப்போரே உலகில் மிகுதி.

கள ஆய்வுக்கு நாம் எடுத்துக்கொண்டது சாதிச் சான்றும் பட்டா நகலும் எடுத்துத் தரும் கிராமத்துச் சேவை மையங்களின் பொதுவான உரையாடல். அதன் நிலையான வடிவம் இது:

“அண்ணே, புது பிரின்டர் சேக்கலாம்னு பாத்தா அட்மின் பாஸ்வேர்டு கேக்குதுண்ணே.”

“அட்மின்னே போட்டுப் பாரு.”

“போட்டேன். தப்புங்குது.”

“மொத எழுத்து பெருசு. அப்புறம் அட். அப்புறம் ஒன் டூ த்ரீ.”

“அட்டுன்னா?”

“இமெயில்ல வருமே தம்பி, சுழிச்ச ஏ. ஷிஃப்டை அமுக்கிக்கிட்டு ரெண்டு.”

“இல்லண்ணே, வரல.”

“அப்ப அது எனக்கு முன்னாடி இருந்தவரு போட்டது.”

இதிலிருந்து முதல் விதி பெறப்படும்: பாஸ்வேர்டு தெரிந்தவர் பிரின்டர் இருக்கும் ஊரில் இருக்கமாட்டார். சிஸ்டம் போட்டுக் கொடுத்தவர் விழுப்புரத்தில் இருப்பார். அவருக்கு முன்னால் போட்டவர் வேலையை விட்டு வேறு தொழிலுக்குப் போயிருப்பார். பெட்டி மட்டும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையோடு கேட்டுக்கொண்டே இருக்கும். விண்டோசில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அட்மின் கணக்கில் நுழைந்திருப்பவரிடம் அது வழக்கமாகப் பாஸ்வேர்டே கேட்காது. ஆமா, இல்லையா என்றுதான் கேட்கும். அட்மின் அல்லாதவரிடம்தான் அட்மினின் பாஸ்வேர்டைக் கேட்கும்.

சில மையங்களில் மானிட்டரின் முதுகில் பழைய ஸ்டிக்கர் ஒன்று கிடைப்பதுண்டு. இங்கே ஆய்வு பதிப்பியல் துறைக்குள் நுழைகிறது. மை மங்கிய அந்த எழுத்து சுழியமா, ஆங்கில ஓவா? நிற்கும் கோடு ஒன்றா, எல்லா? ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் கண்டால் இரண்டையும் அடிக்குறிப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பாஸ்வேர்டுப் பெட்டி அடிக்குறிப்பை ஏற்பதில்லை. சில முறை தவறினால் கணக்கையே பூட்டிவிடுகிறது. பிரின்டரின் முதுகில் கம்பெனியே பாஸ்வேர்டை அச்சிட்டு ஒட்டுவதும் உண்டு. அதையும் முழுக்க நம்புவதற்கில்லை. வரிசை எண் தெரிந்தால் அந்த முதல் பாஸ்வேர்டைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம் என்று 2025 ஜூனில் ராபிட்7 என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார் வெளியிட்டார்கள். பிரதர் கம்பெனியின் 689 மாடல்கள் அவர்கள் சொன்ன குறைபாடுகளின் பட்டியலில் இருந்தன.

பிரின்டருக்கும் பாஸ்வேர்டுக்கும் உள்ள பகை இன்று நேற்று வந்ததன்று. அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய 1960களில், ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு ஒதுக்கிய மணிநேரம் போதவில்லை. 1962-இல் அவர், எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்சிட்டுத் தரும்படி ஒரு துளையட்டையைப் போட்டார், அச்சும் வந்தது. கணினி உலகில் நாமறிந்த முதல் பாஸ்வேர்டுத் திருட்டே பிரின்டர் வழியாகத்தான் நடந்திருக்கிறது. அதன் பிறகு பிரின்டரைக் கண்டால் பாஸ்வேர்டு முறைத்துக்கொண்டு நிற்பதில் நியாயம் இருக்கத்தானே செய்கிறது?

இந்த முறைப்புக்கு எதிர்க்கட்சியும் உண்டு. அதன் தலைவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 2012 பிப்ரவரியில் அவர் மகள் பள்ளியிலிருந்து கூப்பிட்டு, அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் பள்ளிக்கூடத்துப் பிரின்டரைச் சேர்க்க முடியவில்லை என்றாள். கணினியில் இருந்தது ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் வகை. லினக்ஸ் கருவையே எழுதியவர் வீட்டுப் பிள்ளைக்கு அட்மின் பாஸ்வேர்டு தெரியவில்லை என்றால் சேவை மையத் தம்பியை என்ன சொல்ல? டோர்வால்ட்ஸ் அன்று பொதுவெளியில் எழுதியதை அச்சில் ஏற்ற முடியாது. பிரின்டருக்கு அட்மின் பாஸ்வேர்டு இருந்தாலும் முடியாது. தமிழ்நாட்டின் எல்காட் நிறுவனம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சூசே லினக்சைக் கையில் எடுத்திருந்தது என்பதால், இது ஏதோ பிறநாட்டுக் குடும்பச் சண்டை என்று நாம் ஒதுங்கிவிடவும் முடியாது.

பாஸ்வேர்டு வேண்டும் என்ற காவல் கட்சியார் 2021 வரை அடங்கியே இருந்தார்கள். அந்த ஆண்டு ஜூன், ஜூலையில் பிரின்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளிப்பட்டது. அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர், விண்டோசில் மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுவது. டிரைவர் என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் அது விழுங்கிவிடும் என்று தெரிந்தது. ஆகஸ்ட் 10 அன்று வந்த அப்டேட், நெட்வொர்க் வழியே பிரின்டர் டிரைவர் ஏற்ற அட்மின் அனுமதி கட்டாயம் என்றது. நேற்றுவரை சும்மா சேர்ந்துகொண்ட பிரின்டர் மறுநாள் பாஸ்வேர்டு கேட்டதன் காரணம் இதுவே. காரணம் நல்ல காரணம்தான். ஆனால் ஓட்டை இருந்தது ஸ்பூலரில். அதற்கு விலையாக வரிசையில் நிற்பவர்கள், பள்ளியில் சேர்க்கச் சாதிச் சான்று வாங்க வந்தவர்கள். இந்தக் கணக்கு நமக்குச் சரியாகப் படவில்லை.

இனி, தொலைந்த பாஸ்வேர்டை எப்படித் தேடுவது? இதற்கு மகேந்திரவர்மனிடமே போக வேண்டும். அவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில், காஞ்சித் தெருவில் குடித்துத் திரியும் காபாலிகனின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போகிறது. அவன் ஒரு பௌத்தத் துறவியைப் பிடித்துக்கொள்கிறான். பாசுபதன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கையில் பாத்திரம் இருக்கிறது. அவனுக்கு அது நாயிடமிருந்து கிடைத்தது. பாஸ்வேர்டு தேடும் அலுவலகத்திலும் இதுதான் நடைமுறை. பிரின்டர் விற்றவர்மேல் பழி, இன்டர்நெட் கொடுத்தவர்மேல் பழி, கடைசியில் அது யாரும் கேட்காத ஒருவர் டைரியில் கிடைக்கும். யார் அதை அங்கே கொண்டுவந்து போட்டார் என்பது மட்டும் விளங்காது.

இதே மன்னன் யூசர்நேம் விஷயத்தில் எத்தனை தெளிவு! மண்டகப்பட்டில் விசித்திரசித்தன், திருச்சியில் லளிதாங்குரன், மகேந்திரவாடியில் குணபரன், தளவானூரில் சத்ருமல்லன் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர். மறந்துவிடாதபடி ஒவ்வொன்றையும் பாறையிலேயே வெட்டி வைத்தான். தளவானூரில் வடமொழியிலும் தமிழிலும் இருக்கிறது. யூசர்நேம் இரகசியமன்று, எனவே இதில் பாதுகாப்பு மீறல் எதுவும் இல்லை.

தளவானூருக்கு அருகிலுள்ள மண்டகப்பட்டுக் கல்வெட்டில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததாக அவன் சொல்லிக்கொள்கிறான். கணினி உலகம் அந்தப் பெருமையை எட்ட 2010 ஆயிற்று. அந்த ஆண்டு ஆப்பிளின் ஏர்பிரின்ட் வந்தது. பின்னர் ஐபிபி எவ்ரிவேர் வந்தது. டிரைவர் இல்லாமல் அச்சு. ஏற்ற டிரைவரே இல்லையென்றால் முகப்புக் காவலருக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. தனித்தனிக் கம்பெனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட்டில் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாப்டும் 2023-இல் அறிவித்தது. ஆகவே புதுப் பிரின்டர் வாங்கும் மையத்தார், டிரைவர் தேவையில்லை என்பதற்கு அடையாளமாகப் பெட்டியின்மேல் ஏர்பிரின்ட் என்றோ மோப்ரியா என்றோ போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம். விழுப்புரத்துக்குப் போன் போட வேண்டியிராது.

அப்படி வாங்கி வந்த பிரின்டரை வைஃபையில் சேர்க்க வேண்டும். வைஃபை பாஸ்வேர்டை அடிக்க விரல் அகலத் திரை ஒன்றும், மேலே கீழே போக இரண்டு அம்புக்குறிப் பொத்தான்களும் கொடுத்திருக்கிறார்கள். சிறிய எழுத்து, பெரிய எழுத்து, எண்கள் எல்லாம் கடந்த பிறகுதான் சுழித்த ஏ வரும். அவசரத்தில் ஒருமுறை கூடுதலாக அமுக்கிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.