பெரியப்பாவுக்கு 80, கிளவுடுக்கு 15

பாபநாசம் என்றதும் கமல்ஹாசன் ஞாபகம் வந்தால், நீங்கள் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். 2015-ல் வந்த அந்தப் படத்தின் பாபநாசம் திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. எங்களுடையது குடமுருட்டிக் கரை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற வழி. பெயரைத் தவிர இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அந்தப் படத்தில் ஒரு குடும்பம் படுகிற பாடு அத்தனைக்கும் மூலகாரணம் செல்போனில் எடுத்த ஒரு வீடியோ. எங்கள் குடும்பத்துக்கும் அதேதான். என்ன, இங்கே வீடியோ ஒன்றோடு நிற்கவில்லை.

பெரியப்பாவுக்கு 80 நிறைந்து, ஆனி மாதம் திருக்கடையூரில் சதாபிஷேகம் நடந்தது. சிங்கப்பூர்த் தம்பி, நியூஜெர்சி அக்கா மகன், சென்னைச் சித்தி என்று எல்லோரும் வந்து இறங்கினார்கள். தம்பதிக்குக் கலச நீர் ஊற்றியபோது ஒவ்வொருவருக்கும் ஒரு கையில் செம்பு, மறு கையில் செல்போன். சிலர் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு, வீடியோ சரியாக விழுந்ததா என்று பார்த்தார்கள். பந்தியில் சித்தப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "எல்லாரும் எடுத்ததக் கிளவுட்ல போட்டுடுங்க. தம்பி அத ஒரு படமாச் சேத்துக் குடுத்துடும்." தம்பி என்றது என்னை. கம்ப்யூட்டர் வைத்திருப்பது குற்றம், தண்டனை இது.

கிளவுடின் கணக்கு எங்கள் வீட்டாருக்குத் தெரியாது. கூகுள் போட்டோஸ் 2015 மே மாதம் வந்தபோது, எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், காசு வேண்டாம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். ஆப்பிளின் ஐகிளவுடில் 5 ஜிபி. ஐபோனில் 4கே தரத்தில், வினாடிக்கு 30 பிரேம் வைத்து எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி ஆகும். அதாவது 5 ஜிபிக்கு அரை மணி நேரம்கூட வராது. வாத்தியார் சங்கல்பம் முடித்து ஹோமத்துக்கு வருவதற்குள் காலி. 15 ஜிபியும் ஒன்றரை மணி நேரம் தாங்காது. இடம் நிறைந்துவிட்டால் ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதும் நின்றுபோகும். சித்திக்கு பேங்க் மெயில் வரவில்லை என்று வீடே கலங்கியது. காரணம் பேங்க் இல்லை. மேளக்கச்சேரி முழுவதையும் அவர் 4கே-யில் எடுத்து ஏற்றியிருந்தார்.

சித்தப்பா கிளவுடை நம்புகிறவர் இல்லை. கையில் இருந்த அத்தனையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். அவர் அனுப்பியதில் 80 வயதுப் பெரியப்பாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வீடியோவைச் சுருக்கியதில் அதெல்லாம் போய்விட்டது. எடுத்த தேதியும் நேரமும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. வந்து சேர்ந்த நாளையே பிறந்த நாளாக வைத்து அடுக்கினால், சதாபிஷேகம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பத்திரிகை வைக்கக் கிளம்புகிறார்கள்.

தம்பியின் ஐபோனில் வேறு வித்தை. போனில் இடம் மிச்சம் பிடிக்கும் ஏற்பாட்டைப் போட்டிருந்தால், அசல் ஐகிளவுடில் போய் உட்கார்ந்துகொள்ளும். கையில் இருப்பது சிறிய நகல். "போன்லயே இருக்குண்ணே, பாருங்க" என்று தம்பி சத்தியம் செய்கிறான். பார்ப்பதற்கு நகல் போதும்; வெட்டி ஒட்டுவதற்கு அசல் இறங்கி வர வேண்டும். எங்கள் தெரு இணைய வேகத்தில் அது இறங்குவதற்குள் குறுவை அறுப்பே முடிந்துவிடும்.

அக்கா மகன் நல்ல கேமராவே கொண்டுவந்திருந்தான். செல்போன், ஊர் மாறினால் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். அவனுடைய கேமராவுக்கு அந்த மரியாதை தெரியாது. அது நியூஜெர்சி நேரத்திலேயே இருந்தது. கோடைக்காலத்தில் அங்கே நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். காலை பத்து மணிக்குப் பெரியப்பா பெரியம்மாவுக்குத் தாலி கட்டியது, நள்ளிரவு பன்னிரண்டரைக்குக் கட்டியதாகப் பதிவாகியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மாமா, "ஏன், 80 வயசுல ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?" என்றார்.

படங்களை முகம் பார்த்துப் பிரித்துத் தரும் வசதியும் கிளவுடில் உண்டு. எங்கள் குடும்ப மூக்கின் முன்னால் அது தோற்றுப்போனது. பெரியப்பாவையும், கூடத்துச் சுவரில் மாலை போட்டிருக்கும் தாத்தாவையும் காட்டி, "இருவரும் ஒருவரா, வேறா?" என்று கேட்கிறது. பெரியப்பா பக்கத்தில் இருக்கும்போது அந்தக் கேள்விக்கு உரக்கப் பதில் சொல்ல முடியுமா?

திருக்கடையூரிலிருந்து திரும்பியதும் எல்லோருமாக எங்கள் ஊர் 108 சிவாலயத்துக்குப் போனோம். வரிசை வரிசையாக லிங்கங்கள். ஒன்றுவிடாமல் எல்லோரும் எடுத்தார்கள். இடத்தைக் காலி செய்து தருவதாகச் சொன்ன ஒரு செயலி, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கட்டுமா என்று கேட்டது. ராமபிரான் பிரதிஷ்டை செய்தார் என்று ஊரே நம்புவதை ஒரு விரலால் நீக்க நான் யார்?

எங்கள் ஊரிலேயே ஒரு பழைய சேமிப்புக் கிடங்கு இருக்கிறது. திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலின் நெற்களஞ்சியம். நாயக்கர் காலத்தில், 17-ம் நூற்றாண்டில் கட்டியது. 36 அடி உயரம், 3,000 கலம் நெல் கொள்ளும். அத்தனை பெரிய களஞ்சியம் இருக்கிறதே என்பதற்காக யாரும் களத்து மேட்டிலிருந்து வைக்கோலும் பதரும் மண்ணுமாக அள்ளிக் கொட்டியிருக்க மாட்டார்கள். அடித்து, தூற்றி, காயவைத்து, நெல்லை மட்டும் கொட்டினார்கள். நாம் கிளவுடில் போடுவது முழுக்கத் தூற்றாத நெல். இடம் போதவில்லை என்றால் மாதாமாதம் காசு கட்டிக் களஞ்சியத்தைப் பெரிதாக்குகிறோமே தவிர, முறத்தை எடுப்பதில்லை.

எனவே முறத்தை எடுத்தேன். ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஆளுக்கொரு போல்டர் போட்டு, அசலை எல்லாம் அதில் இறக்கினேன். கூகுளிலிருந்து மொத்தமாக இறக்கினால் ஜிப் பொட்டலங்களாக வரும். படம் எடுத்த நேரம் பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் கோப்பில் கிடக்கும். அதைக் குப்பை என்று தள்ளிவிடக் கூடாது. நியூஜெர்சிக் கேமராவுக்கு ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டி, தாலியைப் பகலுக்குக் கொண்டுவந்தேன். 4கே அசலைக் கண்டதும் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியதால், எடை குறைந்த நகல்களை வைத்து வெட்டி, கடைசியில் அசலை மாற்றிக்கொண்டேன். எடிட்டிங் மென்பொருள்களிலேயே அதற்கு வசதி இருக்கிறது.

பின்னணி இசைக்குப் பாபநாசம் சிவன் பாட்டு ஒன்றைச் சேர்த்து, வெளியூர்ச் சொந்தங்களுக்காக ஒரு வீடியோ தளத்தில் ஏற்றினால், உரிமை வேறொருவருடையது என்று நோட்டீஸ் வந்தது. மாமா கொதித்தார்: "நம்ம ஊர்ப் பேர வச்சிருக்கிறவரு பாட்டுக்கு நம்மகிட்டயே உரிமை கேக்குறானா?" சிவன் மறைந்தது 1973-ல். நம் நாட்டுச் சட்டப்படி இயற்றியவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. 2033 முடியும் வரை பொறுக்க வேண்டும். பாடியவரின் ஒலிப்பதிவுக்கு உரிமை தனி. "அப்ப என் சதாபிஷேகத்துக்குப் போட்டுக்கலாம்" என்று மாமா சமாதானமானார்.

படம் பன்னிரண்டு நிமிடம். கூடத்தில் போட்டுக் காட்டியபோது, யார் யார் எத்தனை வினாடி வருகிறார்கள் என்று கிளை கிளையாகக் கணக்கெடுத்தார்கள். பெரியப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவர் மறுபடி மறுபடி போடச் சொன்னது ஓரிடத்தை மட்டும்தான். அத்தை ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்து போனைக் கையில் தொங்கவிட்டபடி நடந்திருக்கிறார். படத்தில் தெரிவது தரையும் யாரோ ஒருவரின் மெட்டியும். ஒலியில் பெரியம்மா: "சுகர வச்சிக்கிட்டு ரெண்டாந்தடவ பாயசம் கேக்குறீங்களே, நூறும் என்கூட இருக்கணும்னு நெனப்பு இருக்கா இல்லியா?"

எந்தச் செயலியிடம் கேட்டாலும் முதலில் நீக்கச் சொல்லியிருக்கும் வீடியோ அதுதான். சேமிக்க இயந்திரம் போதும். தூற்ற மனுஷன் வேண்டும். பாயசத் தகராறு நெல்லா, பதரா என்பது அந்தந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புகையில்லாப் போகி கொண்டாடச் சொல்கிறது. வருகிற போகியன்று குடும்பத்தோடு உட்கார்ந்து கிளவுடைத் திறந்து, வேண்டியதை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவிட்டு மற்றதை நீக்குங்கள். கூகுளில் நீக்கியது 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். மனசு கேட்கவில்லை என்றால் மாசி மாதம் வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். இனிமேல் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள், சுருக்காமல் போகும். உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு அப்பாவி இருப்பான். அவன் கும்பிடுவான்.