மொட்டைமாடிப் பட்டறை

இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் பட்டறை போடும் குடும்பத் தலைவர்கள் பெருகிவிட்டார்கள். ஜன்னல் கம்பி, கேட் கொண்டி வரை பாதகமில்லை, இரும்பு பொறுத்துப்போகும். பைக்கின் விரிசல் விட்ட அலுமினிய என்ஜின் கேசிங்கைக் கையில் எடுக்கும்போதுதான் சனி பிடிக்கிறது.

அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். அதன்மேல் படிந்த ஆக்சைடு தோலோ 2000 டிகிரியைத் தாண்டினால்தான் அசையும். இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. பளபளவென்று இருந்த கேசிங் அடுத்த நொடி தரையில் சொட்டும். விரிசல் ஓட்டையாகும், அடைக்கப் போனால் ஓட்டை ஜன்னலாகும்.

ஆர்கான் வெல்டிங்காரரோ எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்த்து, மெஷினை ஏசிக்கு மாற்றிக் காரியத்தை முடித்துவிடுகிறார். (தோலை உரிப்பது அந்த ஏசி மின்னோட்டம்தான், மொட்டைமாடி மெஷின்கள் பெரும்பாலும் டிசி.) அவர் கூலி அநியாயம் என்பவர்கள் ஆர்கான் சிலிண்டர் என்ன விலை என்று விசாரித்ததில்லை.

கேசிங்கை முதலிலேயே அவரிடம் கொண்டுபோய்விடுங்கள். ஜன்னலான பிறகு போனால் கூலி ஏறும், “யார் சார் இதைத் தொட்டது?” என்ற விசாரணை மட்டும் இலவசம்.