அறிவுக்கு என்னென்ன சாமான்?

எல்லாம் தெரிந்த இயந்திரம் செய்ய என்னென்ன சாமான் வேண்டும் என்று உலகமே பட்டியல் போடுகிறது. 1955-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மெக்கார்த்தி, மின்ஸ்கி உள்ளிட்ட நால்வர், பத்துப் பேர் ஒரு கோடையில் இரண்டு மாதம் உட்கார்ந்தால் செயற்கை அறிவில் கணிசமாக முன்னேறலாம் என்று எழுதிக்கொடுத்துப் பணம் கேட்டார்கள். அது எழுபது வருஷமாக இழுப்பதில் கடலூர்க்காரருக்கு ஆச்சரியமில்லை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருவில் நடந்து பழகியவர்.

2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் கவனம் ஒன்றே போதும் என்று கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார்கள். பிறகு நினைவு வேண்டும், தர்க்கம் வேண்டும், திட்டமிடல் வேண்டும் என்று பட்டியல் நீண்டது. கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் ஏறியிருந்தால் செலவு மிச்சம். கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் '8 பாக்கி' என்று கிறுக்குகிறார்: நினைவகம். திரும்பிப் பார்க்காமலே, “புதுச்சத்திரம் எறங்குற அம்மா, கூடைய எடுத்துக்கிட்டு முன்னாடி வாங்க” என்கிறார்: கவனம், திட்டமிடல் இரண்டும். டிக்கெட் எடுக்காமல் தூங்குபவரின் தூக்கம் பொய்யென்று கண்டுபிடிப்பதற்கு இன்னும் மென்பொருள் வரவில்லை.

பட்டியலில் அடுத்தது, இயந்திர மூளைக்குள் அடுக்குகள். வடலூர் ஞானசபையில் வள்ளலார் ஏழு திரையோடு நிறுத்திக்கொண்டார். தைப்பூசத்தன்று விலக்கினால் ஜோதி தெரியும். இயந்திரம் செய்பவர்கள் நூறு அடுக்கு போட்டும், உள்ளே நடப்பது செய்தவருக்கே முழுதாகப் புரியவில்லை. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தங்க வில்வமாலையும் வெட்டவெளியும். நாம் ரகசியம் என்கிறோம். அவர்கள் வர்த்தக ரகசியம் என்கிறார்கள். தரிசனத்துக்கு மாதச் சந்தா.