நெருப்பெரிச்சல் வட்டாரத்தில் காரைத் தாழ்த்துதல்: ஸ்பிரிங் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

நம் ஊர்ச் சாலைகளைப் பார்த்துப் பயந்துதான் கார் கம்பெனிகள் வண்டியின் வயிற்றைத் தூக்கி வைத்து விற்கின்றன. மாருதி ஸ்விஃப்டுக்கு 163 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ். அப்படிப் பாடுபட்டு உயர்த்திக் கொடுத்ததைக் காசு கொடுத்து இறக்க, டி.என். 39 நம்பர் வண்டியோடு ஒரு தம்பி ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிறார். இதைத் தமிழாய்வுலகம் இன்றுவரை கண்டுகொள்ளாதது பெருங்குறை. அக்குறை நீக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வெல்லை: திருப்பூர் வட்டாரத்தில் ஒருபுறம் பூலுவப்பட்டி, மறுபுறம் பெருமாநல்லூர், நடுநாயகமாக நெருப்பெரிச்சல். கருதுகோள்: ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பவர் கார்க்காரர் அல்லர், அவர் வீதி முனையில் உள்ள வேகத்தடையே.

தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தது தாழ்த்திய காருக்கும் பொருந்தும். முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம், குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாய் மூடிய தார்ரோடு. பொழுது, ஷிப்ட் விட்டுக் கம்பெனி வேன்கள் வரிசை கட்டும் மாலை. கருப்பொருளில் பறை என்பது எக்ஸாஸ்ட். தொழில், பையர் கேட்ட சாம்பிளைச் சொன்ன நேரத்தில் சேர்த்தல். உரிப்பொருளில்தான் அறிஞர் மாறுபடுவர். அடியிலுள்ள ஆயில் சேம்பர் தட்டும்போது எழும் ஓசையை வைத்து ‘இரங்கல்’ என்பார் ஒருசாரார். வண்டி வீடு திரும்பிய பின் நடப்பதை வைத்து ‘ஊடல்’ என்பதே நம் கட்சி.

இத்துறையின் முன்னோடி ராபர்ட் ஹூக். ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவுக்கு எதிர்விசை தரும் என்ற தம் கண்டுபிடிப்பை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக வெளியிட்டார். விடையை 1678இல்தான் சொன்னார். நம் தம்பியும் ஸ்பிரிங் விற்பவரிடம், “ஏனுங்ணா, இதோட ரேட் எவ்வளவுங்ணா?” என்று கேட்கிறார். ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பது கேள்வி. அண்ணன் விலையைச் சொல்கிறார். புதிர் மரபு அறுபடவில்லை.

அந்த ரேட் தெரியாமல் தேர்வு கிடையாது. கம்பியின் கனம் சற்றுக் கூடினாலும் ஸ்பிரிங்கின் விறைப்பு நான்காம் படியில் ஏறும். கம்பி இரண்டு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்கு. சுற்று குறைந்தாலும் விறைப்புக் கூடும். இந்தப் பின்பாதியை மட்டும் கற்றவர்கள்தான் கட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு ‘காயில் கட்’ போடுகிறார்கள். எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு சுமார் 14 சதவீதம் கூடும் என்பது உண்மையே. ஆனால் வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. பள்ளத்தில் வீல் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து கடகடக்கும். கேஸ் வைத்துச் சூடேற்றி அமுக்குவது அதைவிட மோசம். இரும்பின் பதமே போய்விடும், அப்புறம் அந்த ஸ்பிரிங் தானாகவே தினமும் கொஞ்சம் தாழும். இவ்விரு முறைகளையும் இவ்வாய்வு ஏற்கவில்லை.

அடுத்த வழி, கோவைக்குப் போய் ரெடிமேடாக வரவழைப்பது. செட்டிப்பாளையத்தில் பந்தயத்தடமும், 1988இல் ஃபார்முலா மாருதியைத் தந்த கரிவர்தனின் நினைவும், 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் உள்ள ஊர் அது. அங்கே ஐபாக், எச் அண்ட் ஆர் என்ற ஜெர்மன் பெயர்கள் உறவுக்காரர் பெயர்போல் புழங்குகின்றன. இவ்வகை ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் 25 முதல் 40 மி.மீ. வரை இறக்கும். இறங்கிய வண்டிக்கு அமுங்க இடம் குறைவு என்பதால் விறைப்பையும் கூட்டித்தான் செய்வார்கள். இல்லையேல் ஒவ்வொரு குழியிலும் பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். விறைப்பு 30 சதவீதம் கூடினால் வண்டி துள்ளும் வேகம் சுமார் 14 சதவீதம் கூடும். பழைய ஷாக் அப்சர்பர் பழைய ஸ்பிரிங்குக்கு அளந்து செய்தது. புதியதை அதனால் அடக்க முடியாது. ஆகவே ஸ்பிரிங் மட்டும் வாங்குகிறவர் பாதிப் பணத்தைத்தான் எடுத்து வைத்திருக்கிறார்.

இனி மையப் பகுதி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வேகத்தடைக்கு அளவு சொன்னது: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். ஸ்விஃப்டின் வீல்பேஸ் 2.45 மீட்டர். வண்டி நட்டநடுவே நிற்கையில் நான்கு சக்கரமும் மேட்டின்மேலேயே இருக்கும், தரையிலிருந்து சுமார் 5.6 செ.மீ. உயரத்தில். வயிற்றுக்குக் கீழே மேடு நீட்டுவது வெறும் 4.4 செ.மீ. 35 மி.மீ. தாழ்த்தி 128 மி.மீ. மட்டுமே மிஞ்சிய வண்டியும் அதை அலட்சியமாகத் தாண்டும். அந்த அளவுப்படி அமைந்த வேகத்தடை தாழ்த்திய காருக்குப் பகையே அல்ல. இது இக்கட்டுரையின் முதல் கண்டுபிடிப்பு.

பகை வேறு இடத்தில். ஏதோ ஒரு வீதியில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், வேன்கள் பறக்கின்றன. ஊர்க்காரர்கள் மிச்சக் கான்கிரீட்டைக் கொட்டி ராத்திரியோடு ராத்திரியாக ஒன்று கட்டிவிடுகிறார்கள். ஒன்றரை அடி அகலம், 15 செ.மீ. உயரம் என்று வையுங்கள். முன்சக்கரம் இறங்கிய பிறகு நாலு சக்கரமும் சமதரையில், மேடு முழுசாக வயிற்றுக்கடியில். கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள வண்டிக்கு மிச்சம் 13 மி.மீ. தாழ்த்திய வண்டிக்கு 22 மி.மீ. பற்றாக்குறை. பின்சீட்டில் இரண்டு பேர், டிக்கியில் அட்டைப்பெட்டி என 150 கிலோ ஏற்றினால்? பின்ஸ்பிரிங் இரண்டும் சேர்ந்து ஒரு மி.மீ. அமுங்க 5 கிலோ என்று வைத்தால் பின்பக்கம் 30 மி.மீ. இறங்கும். அதாவது ஸ்பிரிங் மாற்றாத காரே தட்டும். ஷிப்மென்ட் வாரத்தில் திருப்பூர் வட்டாரக் கார்கள் அனைத்தும் இலவசமாகவே தாழ்த்தப்படுகின்றன என்பது இரண்டாம் கண்டுபிடிப்பு.

களப்பணியில் கண்டது: மேடு வருமுன் தம்பி வண்டியை ஓரங்கட்டுகிறார். பின்சீட்டில் இருந்த அம்மிச்சி கதவுச் சட்டத்தை ஒரு கையாலும் பேரன் தோளை மறு கையாலும் பிடித்து, இரண்டு முறை முயன்று, மூன்றாம் முறை எழுகிறார். மேட்டைத் தாண்டி நடக்கிறார். தம்பி ஸ்டியரிங்கை ஒடித்துக் கோணலாக, ஒவ்வொரு வீலாக ஏற்றி இறக்குகிறார். ரோடு முழுக்க அடைபட்டுப் பின்னால் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. மறுபடி உட்காரப் போன அம்மிச்சி காரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்: “ஏஞ்சாமி, தொவச்சதுல சுருங்கிப் போச்சா?”

இக்கேள்வியே ஆய்வின் திருப்புமுனை. பனியன் துணி துவைத்தபின் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் பையர்கள் பொதுவாக ஏற்பதில்லை. 163இல் 35 போனால் சுருக்கம் 21 சதவீதத்துக்கு மேல். லாட் முழுக்க ரிஜெக்ட். ஷ்ரிங்கேஜ் கணக்குப்படி தேறுவது 8 மி.மீ. தான். அதற்கு ஸ்பிரிங் எதற்கு, டயரில் காற்று குறைந்தாலே கிட்டத்தட்ட வந்துவிடும். (ஓட்டிவிடாதீர்கள். இது கணக்குக்குச் சொன்னது.)

இத்தனைக்கும் பிறகு தாழ்த்தியே தீருவேன் என்பாருக்கு எம் பரிந்துரை: முன்னால் 25 மி.மீ. போதும், பின்னால் 15ஐத் தாண்ட வேண்டாம். சுமை ஏற ஏற விறைப்புக் கூடும் புரோகிரசிவ் வகையாக இருக்கட்டும், ஏனெனில் திங்கட்கிழமை ஆள் ஒருவர், வெள்ளிக்கிழமை அட்டைப்பெட்டி எட்டு. நீளம் குறைந்த புது ஷாக் அப்சர்பர் கட்டாயம். மாட்டிய கையோடு வீல் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டோ கலைந்து டயரின் உள்பக்கம் தேயும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. இன்னும் கீழே போனால் வளைவில் சாயாது என்று நம்புவதும் தப்பு. முன்பக்க ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். சாய்வு அதிகமாகும், அதை விறைத்த ஸ்பிரிங் மூடி மறைக்கும், அவ்வளவுதான்.

வாய்மொழித் தேர்வு பேக்கரியில் நடந்தது. தேர்வாளர்கள் மூவர்: மெக்கானிக், ஒரு நிட்டிங் முதலாளி, பக்கத்து டேபிளில் டீ குடித்துக்கொண்டிருந்த வக்கீல். வக்கீல், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும், தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துப் போட்டார். அதே ஆண்டுத் திருத்தப்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. உடனே முதலாளி கேட்டார்: “நாலு ஸ்பிரிங்குனா அது ஒரு மாத்தமுங்களா, நாலு மாத்தமுங்களா?” வக்கீல் இன்னொரு டீ சொன்னார். மெக்கானிக் மட்டும், “ஜோடி ஜோடியாத்தானுங்க மாத்தோணும், ரெண்டுனு போட்டுக்குங்க” என்றார்.