படுத்திருக்கும் காளை

கேள்வி: யாழ்ப்பாண அரசரின் கொடியில் காளை ஏன் படுத்திருக்கிறது? போருக்குப் போகிற காளை எழுந்து நிற்கக் கூடாதா?

பதில்: யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் சைவர்கள். அது சண்டைக்காளை அல்ல, சிவன் சந்நிதியில் அமர்ந்திருக்கும் நந்தி. ஜேர்மன் நகரச் சின்னங்களில் சிங்கமும் கரடியும் பின்னங்காலில் எழும்பி நகம் காட்டும். நந்திக்கு அந்தப் பதற்றம் இல்லை.

கேள்வி: அந்தக் கொடியை எங்கே போனால் பார்க்கலாம்?

பதில்: எங்கே போனாலும் கிடையாது. 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேறா இராச்சியத்தைப் பிடித்தான். நல்லூர்க் கோயிலையே இடித்தவன் கொடித்துணியை மடித்துவைத்திருப்பான் என்று எதிர்பார்ப்பது அதிகம். பிழைத்தது செப்புக்காசு. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம். மறுபக்கம் படுத்த காளை, மேலே பிறை, கீழே ‘சேது’ என்ற தமிழெழுத்து. இன்று சைவ விழாக்களில் ஏறும் நந்திக்கொடி பிற்காலத்தில் வரையப்பட்டது.

கேள்வி: சேது என்பது அந்தக் காசை அடித்த அரசனா?

பதில்: அரசன் பெயரைப் பொறித்திருந்தாலும் பெரிய பயன் இராது. செகராசசேகரன், பரராசசேகரன் என்ற இரண்டு பட்டங்களையே மாறி மாறிச் சூடிக்கொண்ட பரம்பரை அது. சேது என்பது இராமேசுவரக் கரை. அதன் காவலர் என்பது இவர்களின் பெருமை. கேகாலை மாவட்டத்துக் கொட்டகமைக் கல்வெட்டும் அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. இராமநாதபுரம் சேதுபதிகளும் பின்னாளில் அதையே காசில் பொறித்தார்கள். ஆகவே, ‘சேது’ என்று கண்டதும் யாழ்ப்பாணக் காசென்று விலை பேசுகிறவரிடம் கொஞ்சம் நிதானம் நல்லது.

கேள்வி: ஐரோப்பிய ஊர்களைப்போல யாழ்ப்பாணத்துக்குக் கேடயச் சின்னம் ஏதும் உண்டா?

பதில்: ஒல்லாந்தர் காலத்தில் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில் கொழும்புக்கு மாமரம், காலிக்குச் சேவல், யாழ்ப்பாணப்பட்டினத்துக்குப் பனை. காலிச் சேவல் அந்தக் கோட்டையின் பழைய வாசலின் உட்புறத்தில், 1669ஆம் ஆண்டுக் கல்லில், இன்றும் நிற்கிறது. நம் பனைக்கு அப்படி ஓய்வு வாய்க்கவில்லை. அதைக் கேடயத்தில் ஏற்றிய அதே கம்பனியின் காலத்தில்தான் வைரமேறிய பனைகள் தறிக்கப்பட்டு, வளையாகவும் சிலாகையாகவும் கப்பலேறி விலைபோயின.