சிக்கனைத் துறந்த வீரர்

அமெரிக்காவின் எந்தப் பெரிய நகரத்திலும் இவரைப் பார்க்கலாம். சட்டையில் வானவில் பேட்ஜ், தோளில் துணிப்பை, வாயில் ஒரு நீண்ட பட்டியல். எந்த பீரைக் குடிக்கக் கூடாது, எந்த பாஸ்தாவைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைக்குத் தோள்கொடுக்கத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர். 2012-இல் சிக்-ஃபில்-ஏ உணவகத்தின் தலைவர் டான் கேத்தி ஒருபாலினத் திருமணத்துக்கு எதிராகப் பேசியதும், அந்தக் கடை சிக்கனைத் துறந்தார். ஞாயிற்றுக்கிழமையில்கூட விரதம் தவறியதில்லை. அன்றைக்குக் கடைக்கே விடுமுறை என்பது வேறு விஷயம். 2013-இல், சிறுவர்கள் காதில் விழும்படி தன்பாலீர்ப்பை ஆதரித்துப் பேசுவதை ரஷ்யா தடைசெய்தபோது, வீட்டிலிருந்த ஸ்டோலிச்னயா வோட்காவைச் சாக்கடையில் ஊற்றினார். அமெரிக்காவில் விற்ற அந்த வோட்கா லாத்வியாவில் தயாரானது. அந்தக் கம்பெனிக்கும் ரஷ்ய அரசுக்கும் பெயர் யாருக்குச் சொந்தம் என்று நெடுநாள் வழக்கு வேறு. மாஸ்கோவுக்கு ஒரு துளி நஷ்டமில்லை. வீரருக்குத்தான் ஒரு முழு பாட்டில் போயிற்று. அதையே அவர் தியாகக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

விரதத்தின் குணமே இதுதான்: புண்ணியம் விரதம் இருப்பவருக்குப் போகும், ஊருக்கு மழை பெய்யுமா என்பது தெரியாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று, எதிர்த்தரப்பினர் அதே சிக்கன் கடைக்கு ஆதரவு தெரிவிக்க வரிசைகட்டி நின்றார்கள். அன்றைய விற்பனை சாதனை அளவு என்று கம்பெனியே அறிவித்தது. இன்னும் பழைய உதாரணம் ஃபுளோரிடா. 1977-இல் மயாமி வட்டாரத்தில் தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பாதுகாப்புத் தந்த சட்டத்தை எதிர்த்துப் பாடகி அனிதா பிரையன்ட் கிளம்பினார். அவர் ஆரஞ்சுச் சாறு விளம்பரத்தின் முகம் என்பதால், நாடெங்கும் தன்பாலீர்ப்பாளர் மதுக்கூடங்கள் ஆரஞ்சை ஒழித்து, வோட்காவில் ஆப்பிள் சாற்றைக் கலந்தன. ஜூன் 7 வாக்கெடுப்பில் இருவருக்கு மேல் எதிர்க்க, ஒருவர்தான் ஆதரித்தார் என்ற கணக்கில் சட்டம் வீழ்ந்தது. பின்னாளில் பாடகி விளம்பர ஒப்பந்தத்தை இழந்தார். மயாமிக்காரர்கள் இழந்த பாதுகாப்பு திரும்பிவர 1998 ஆயிற்று.

‘அப்படியானால் புறக்கணிப்பே வீணா?’ என்று வீரர் மேசையைத் தட்டுவார். வீணில்லை. கூர்ஸ் பீர் கம்பெனியைப் பாருங்கள். அங்கே வேலைக்கு வருபவரைப் பொய்யறியும் கருவியில் உட்காரவைத்து அந்தரங்கத்தைத் துருவினார்கள். 1970-களில் லாரித் தொழிலாளர் சங்கத்தின் ஆலன் பேர்டு, கூர்ஸுக்கு எதிராக, சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர் உரிமைத் தலைவர் ஹார்வி மில்க்கின் உதவியை நாடினார். மில்க் பேரம் பேசினார்: எங்கள் மதுக்கூடங்கள் கூர்ஸை நிறுத்தும், உங்கள் சங்கம் எங்கள் ஆட்களுக்கு ஓட்டுநர் வேலை தரட்டும். எதிராளி யார், கோரிக்கை என்ன, கூட்டாளி யார் என்று மூன்றும் தெளிவாக இருந்தன. 1995-இல் அதே கம்பெனி ஒருபாலின இணையருக்கும் சலுகைகளை நீட்டித்தது. நம் வீரரைக் கேட்டால் கோரிக்கை என்னவென்று யோசிப்பார்; கூட்டாளி, ஃபேஸ்புக்கில் விருப்பக்குறி போட்டவர்கள்.

‘என் காசு என் எதிரிக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்’ என்பது அவருடைய அடுத்த வாதம். நியாயமானது. மனசாட்சிக்காகக் கடையை மாற்ற யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அத்தோடு கடன் தீர்ந்தது என்று எழுந்து போகிறாரே, அங்கேதான் இடிக்கிறது. நன்றி நவிலல் நாள் விருந்தில் அவரைக் கவனித்தால் தெரியும். வான்கோழி எந்தப் பண்ணையில் வளர்ந்தது என்று விசாரித்த பிறகே உட்காருவார். பாதி விருந்தில் பெரிய மாமா தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி ஒரு பழைய ஜோக்கை எடுத்துவிடுவார். வீரர் தட்டைப் பார்ப்பார், ‘அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளுங்கள்’ என்பார். யார் யார் சிரிக்கிறார்கள் என்று எதிர்நாற்காலியில் அக்கா மகன் எண்ணிக்கொண்டிருப்பது அவர் கண்ணில் படாது. துறந்த சிக்கன் திருப்பிப் பேசாது; மாமா பேசுவார், அதுதான் சங்கடம்.

அந்தச் சங்கடத்துக்குப் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. தன்பாலீர்ப்பாளர்களையும் ஆதரித்துப் பேசுபவர்களையும் பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து நீக்க வழிசெய்யும் ஆறாவது முன்மொழிவு 1978-இல் கலிஃபோர்னியாவில் வாக்குக்கு வந்தது. நீங்கள் யார் என்பதை உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று தன்பாலீர்ப்பாளர்களை மில்க் ஊர் ஊராகக் கேட்டார். சுமார் 58 சதவீத வாக்குகள் எதிராக விழ, முன்மொழிவு தோற்றது. மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ரொனால்டு ரீகனும் அதை எதிர்த்தார் என்பதால் முழுப் பெருமையையும் பேச்சுக்கே கொடுக்க முடியாது. ஆனால் 2016-இல் ‘சயின்ஸ்’ இதழில் புரூக்மன், கல்லா இருவரும் வெளியிட்ட ஆய்வு அதே மயாமியில் நடந்தது: வாசலில் நின்று சுமார் பத்து நிமிடம் மனம்விட்டுப் பேசியதில் திருநர்கள் மீதான வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் அந்த மாற்றம் நிலைத்தது. ‘மாமா திருந்த மாட்டார்’ என்று வீரர் சொல்லக்கூடும். மாமா திருந்தாவிட்டாலும், அந்தப் பையனுக்கு மேசையில் ஒருவர் தன் பக்கம் இருப்பது தெரிந்துவிடும்.

ஆகவே, வீரரே, சிக்கனைச் சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். சங்கமாகச் சேர்ந்து கோரிக்கையோடு விட்டால் இன்னும் நல்லது. ஆனால் அடுத்த விருந்தில் அந்த ஜோக் வரும்போது, உருளைக்கிழங்கைக் கேட்பதற்கு முன், ‘இதில் சிரிக்க என்ன இருக்கிறது, மாமா?’ என்று கேட்டுவிடுங்கள்.