கப்பலும் வாணம் விடும்!

கேள்வி: ஜப்பான் போர்க்கப்பலின் உச்சியில் ஒற்றைக் கொம்பு நிற்கிறதே, அது எதற்கு? நம் கப்பலுக்கும் வருமாமே?
– வாசகர், சிவகாசி

பதில்: மொகாமி ரகக் கப்பலின் ‘யுனிகார்ன்’ கம்பம் அது. சாதாரணப் போர்க்கப்பலின் உச்சி, தூர்தர்ஷன் காலத்து மொட்டைமாடி மாதிரி ஆன்டெனாக் காடு. எதிரி ரேடாருக்கு நல்ல விருந்து! ஜப்பான்காரர்கள் ஆன்டெனாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே உறைக்குள் மூடிவிட்டார்கள். கப்பலின் பக்கச்சுவர்களும் சாய்வானவை. மோதும் ரேடார் அலை வந்த வழியே திரும்பாமல் வேறு பக்கம் சிதறிவிடும்.

நாகசாகியில் மிட்சுபிஷி கட்டிய ‘மொகாமி’ 2022 ஏப்ரலில் படையில் சேர்ந்தது. 133 மீட்டர் நீளம். ஓட்டிச்செல்ல சுமார் 90 பேர் போதும் என்பதுதான் பெரிய சாதனை.

வரப்போவதும் உண்மைதான். யுனிகார்னை நம் கடற்படைக்காகக் கூட்டாக உருவாக்க 2024 நவம்பரில் இரு நாடுகளும் டோக்கியோவில் கையெழுத்திட்டன. இங்கே பொறுப்பு பாரத் எலக்ட்ரானிக்ஸுக்கு.

உங்கள் ஊருக்குப் பிடித்த சங்கதி ஒன்று. ஏவுகணை துரத்தினால் போர்க்கப்பல் ராக்கெட் விடும்! அது வானில் வெடித்து, அலுமினியம் பூசிய மெல்லிழைகளைத் தூவும். ஏவுகணை அந்த மேகத்தையே கப்பலென்று நம்பித் திசைமாறிவிடும். சிவகாசி வாணம் கண்ணைக் கவரும். இது ரேடாரின் கண்ணைக் கட்டும். இந்த ராக்கெட்டுக்கான தொழில்நுட்பத்தை டி.ஆர்.டி.ஓ.வின் ஜோத்பூர் ஆய்வகம் சொந்தமாகவே உருவாக்கிவிட்டது.